அப்பாவின் தட்டுகளும் அவற்றில் பதிந்த ஒலியும்

கேள்வி: நான் மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் தந்தை வாழ்நாள் முழுவதும் சேர்த்த சுமார் 340 இசைத்தட்டுகள் இப்போது என்னிடம் உள்ளன. அறுபதுக்கு மேல் பழைய 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) தட்டுகள், மற்றவை ஈ.பி. (சில பாடல்களே கொண்ட சிறியவை), எல்.பி. (நீண்ட நேரம் ஒலிப்பவை) தட்டுகள். கணினியில் இணைக்கக்கூடிய ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி, எட்டு மாதங்களில் நாற்பது பாடல்களை யூடியூபில் ஏற்றினேன். விளம்பர வருமானம் எதுவும் பெறவில்லை. பாடியவர், இசையமைத்தவர், நிறுவனம் ஆகிய பெயர்களையும் தவறாமல் போட்டேன். இரண்டு கர்நாடக இசைத் தட்டுகளுக்கும் ஒரு திரைப்பாடலுக்கும் ‘காப்பிரைட் கிளெய்ம்’ என்று செய்தி வந்தது. சென்ற வாரம் 1974ஆம் ஆண்டுத் திரைப்பட எல்.பி. ஒன்றின் ஒரு பக்கம் முழுவதையும் ஏற்றியதற்காக ‘ஸ்ட்ரைக்’ வந்துவிட்டது. நான் செய்தது குற்றமா? எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு,

எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பதிலை முழுவதும் படித்து, தட்டுகளை ஒரு முறை பிரித்து அடுக்கும் வரை புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறு நாள்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் யூடியூப் அந்தச் சேனலையே நீக்கிவிடும். அப்படி நீங்கும்போது உரிமைச் சிக்கல் எதுவும் இல்லாத பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் ஆறு ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்த சேனலை, ஒரே இரவில் ஏற்றிய மூன்று எல்.பி.களால் இழந்தார். அவர் ஏற்றியிருந்தவற்றில் பாதிக்கு மேல் எவரும் உரிமை கோர முடியாத பழைய தட்டுகள் என்பதுதான் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உங்களுக்கு வந்த இரண்டு வகைச் செய்திகளும் ஒன்றல்ல. கிளெய்ம் என்பது பெரும்பாலும் கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கி முறை ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து அனுப்புவது. உரிமையாளர் என்று பதிவு செய்துகொண்ட நிறுவனம் அந்தக் காணொளியைத் தடுக்கலாம், அதில் விளம்பரம் போட்டு வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனிக்க மட்டும் செய்யலாம். இதனால் சேனலுக்குக் கரும்புள்ளி விழாது. ஸ்ட்ரைக் என்பதோ, உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, அதன்பேரில் காணொளி நீக்கப்பட்டது என்பதன் அடையாளம். காணொளியை நீங்களே அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது. யூடியூப் சொல்லும் பயிற்சியை முடித்துவிட்டுத் தொண்ணூறு நாள்கள் காத்திருந்தால் அது காலாவதியாகும். அந்த நிறுவனத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, கோரிக்கையைத் திரும்பப் பெறும்படி கேட்கவும் செய்யலாம். எதிர் அறிவிப்பு கொடுப்பது மூன்றாவது வழி. 1974ஆம் ஆண்டுத் தட்டுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். எதிர் அறிவிப்பில், நீக்கியது தவறு என்று உண்மை உறுதிமொழி கூறி, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். அந்தத் தட்டைப் பொறுத்தவரை நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது.

ஏன் என்று விளக்க, உங்கள் எல்.பி. ஒன்றை எடுத்து, நடுவில் ஒட்டியுள்ள லேபிளின் விளிம்பைச் சுற்றி ஓடும் பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கச் சொல்வேன். அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றில், தயாரிப்பாளரின் உரிமைகளும் பதிவு செய்யப்பட்ட படைப்பின் உரிமையாளரின் உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை என்றும், அனுமதியின்றிப் பொதுவில் ஒலிக்கவோ ஒலிபரப்பவோ படியெடுக்கவோ கூடாது என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதில் இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லப்படுவதைக் கவனியுங்கள். ஒலிப்பதிவுக்கு ஒரு பதிப்புரிமை. அதில் பாடப்படும் சாகித்தியத்துக்கும் மெட்டுக்கும் வேறு பதிப்புரிமை. இவை தொடங்குவதும் முடிவதும் வெவ்வேறு நாள்களில். தட்டைக் காசு கொடுத்து வாங்கிய உங்கள் தந்தைக்கு அதைக் கேட்கவும், பாதுகாக்கவும், உங்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை இருந்தது. ஒலியைப் படியெடுத்து உலகத்துக்கு ஒலிக்கச் செய்யும் உரிமையை அன்றைய விலையில் கடைக்காரர் விற்கவில்லை.

பணம் சம்பாதிக்கவில்லை, பெயர் போட்டேன், எங்கும் கிடைக்கவில்லை என்று மூன்று காரணங்களைப் பலரும் எனக்கு எழுதுகிறார்கள். முதலாவது, தண்டனையையும் இழப்பீட்டையும் குறைக்க உதவுமே தவிர, மீறலை மீறல் இல்லை என்று ஆக்காது. பெயர் போடுவது நல்ல பண்பு. அது அனுமதிக்கு ஈடாகாது. உரிமையை மீறும் நோக்கம் இல்லை என்று காணொளியின் அடியில் எழுதும் வழக்கத்துக்கும் சட்டத்தில் மதிப்பில்லை. எங்கும் கிடைக்கவில்லை என்ற காரணத்தைப் படிக்கும்போது மட்டும் எனக்கும் மனம் கனக்கிறது. உரிமையை வைத்திருப்பவர் மறுவெளியீடு செய்யாமல், மற்றவர் செய்தால் தடுக்கவும் வழியிருப்பது நம் சட்டத்தின் ஒரு குறை என்றே நினைக்கிறேன். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்குக் கட்டாய உரிமம் கோரப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி தருகிறது. ஆனால் அதற்கு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, நீதிமன்றம் ஏற வேண்டும். ஒரு ஆவணக் காப்பகம் செய்யலாம். வீட்டில் உட்கார்ந்து செய்யும் தனி ஒருவருக்குத் தட்டின் விலையைப் போல் பல மடங்கு செலவாகும். வானொலிக்குக் கிடைக்கும் சட்டப்படியான உரிமம் இணையத்துக்கும் உண்டு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இணையத்தில் பாடல்களை வழங்கும் சேவைக்கு அந்த உரிமம் பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது.

இனி உங்களுக்கு நம்பிக்கை தரும் பகுதிக்கு வருகிறேன். இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள்தான். (முன்பு ஐம்பதாக இருந்தது, 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுவுடைமையாகும் வேளை நெருங்கியபோது, 1992இல் நிறைவேறிய திருத்தம் அதை அறுபதாக்கியது.) கணக்கு எளிது: 1965இல் எந்த மாதத்தில் வெளிவந்த தட்டாக இருந்தாலும், அதன் ஒலிப்பதிவு உரிமை 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. 1966ஆம் ஆண்டுத் தட்டுக்கு 2026 டிசம்பர் 31. ஒவ்வொரு புத்தாண்டும் ஓர் ஆண்டுத் தட்டுகளை விடுவித்துக்கொண்டே போகிறது. உங்கள் 78 ஆர்.பி.எம். தட்டுகளில் பெரும்பாலானவை உரிமை முடிந்தவையாகவே இருக்கும், ஈ.பி.களில் சிலவும் இருக்கக்கூடும். 1974, 1978 ஆகிய ஆண்டுகளில் வந்த திரைப்பட எல்.பி.கள் 2034 வரையும் 2038 வரையும் பூட்டியே இருக்கும்.

ஆகவே உங்கள் வேலை முழுவதும் ஒரு கேள்விக்கு விடை தேடுவதில் அடங்குகிறது: இந்த ஒலி முதன்முதலில் எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது? கையிலுள்ள தட்டு எப்போது அச்சானது என்பதல்ல கேள்வி. எழுபதுகளில் வந்த எல்.பி. ஒன்று, நாற்பதுகளின் 78 ஆர்.பி.எம். தட்டுகளைத் தொகுத்ததாக இருக்கலாம்; அப்போது நாற்பதுகளின் கணக்கே பொருந்தும். பழைய காலத்துப் படம் போட்ட உறைக்குள் பிற்காலத்தில் புதிதாகப் பாடிப் பதிவு செய்த ஒலியும் இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பிற்கால எல்.பி.களில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டுதான் ஒலிப்பதிவு வெளியானதாக நிறுவனமே சொல்லும் ஆண்டு. 78 தட்டுகளில் ஆண்டு இருக்காது. லேபிளில் அட்டவணை எண் இருக்கும். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வழவழப்பான வளையத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இன்னோர் எண் பொறித்திருப்பது தெரியும். அதை மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். லேபிளே கிழிந்து போனாலும் அது நிற்கும். இந்த இரண்டு எண்களையும் வைத்து நிறுவனங்களின் பழைய விலைப்பட்டியல்களோடும் தட்டுச் சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்களோடும் ஒப்பிட்டால் ஆண்டை ஏறக்குறைய நிர்ணயித்துவிடலாம். திரைப்பாடல் என்றால் படம் வெளியான ஆண்டும், கொட்டகையில் அன்று விற்ற பாட்டுப் புத்தகமும் துணைக்கு வரும். அத்தகைய பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. பாடலாசிரியர் பெயரும் அதிலேயே கிடைக்கும் என்பதால் அடுத்த கேள்விக்கும் அது உதவும்.

அடுத்த கேள்வி சாகித்தியமும் மெட்டும். இவற்றுக்கு, படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. தியாகராஜர் 1847இலும் தீட்சிதர் 1835இலும் மறைந்தவர்கள்; அவர்களுடைய கீர்த்தனைகளுக்கு இன்று உரிமை கோர எவரும் இல்லை. 1965க்குள் வெளிவந்த தட்டில் ஒரு வித்துவான் தியாகராஜ கீர்த்தனையைப் பாடியிருந்தால் இரண்டு பூட்டுகளும் திறந்துவிட்டன என்று பொருள். உங்கள் சேனலில் முதலில் இடம்பெற வேண்டியவை இவையே. நாதஸ்வரத் தட்டுகளும் அப்படித்தான். டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் வாசித்த ராக ஆலாபனையை அவருடைய சொந்த இசைப்படைப்பு என்று கொண்டாலும் அந்த உரிமை 2016 முடிவோடு தீர்ந்துவிட்டது. பாபநாசம் சிவன் நிலைமை வேறு. அவர் 1973இல் மறைந்தார். எனவே அவருடைய கீர்த்தனை 1940களின் தட்டில் இருந்தால் ஒலிப்பதிவு விடுதலை ஆகியிருக்கும், பாட்டு 2033 முடிவு வரை விடுதலை ஆகாது. பழைய தட்டுதானே என்று ஏற்றிய பலருக்கும் கிளெய்ம் வருவது இந்த இடத்தில்தான்.

திரைப்பாடல்களில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கூலி கொடுத்து எழுதவும் இசையமைக்கவும் வைத்த தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அந்தப் பாட்டுக்கும் இசைக்கும் முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் கூறியது. அதன்பின் அந்த உரிமை தட்டு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கலாம், பிறகு கைமாறியும் இருக்கலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்தது. அதைத் திரட்டித் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். இயங்குவது நம் மும்பையிலேயே. யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாதபோது, தட்டு நிறுவனத்தில் தொடங்குங்கள். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் லேபிள்கள் கொண்ட தட்டுகளில் பெரும்பாலானவற்றை அன்று இந்தியாவில் வெளியிட்டது கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. 2000ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் சரிகம. சுருக்கமாக, அட்டவணை எண்ணைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லை என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராமல் போகலாம். பதில் வராததை அனுமதி என்று கொள்ளக் கூடாது.

1965க்குப் பிந்தைய தட்டுகளை, உரிமை முடியும் வரை என்ன செய்வது? அவற்றைப் பற்றிப் பேசலாம். சட்டத்தின் 52ஆம் பிரிவு விமரிசனத்துக்கும் மதிப்பீட்டுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. உங்கள் தந்தை அந்தத் தட்டை எப்படி வாங்கினார், அந்த மெட்டில் என்ன புதுமை, பின்னணி வாத்தியம் எப்படி அமைந்தது என்று நீங்கள் முகம் காட்டிப் பேசி, சொல்லும் கருத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் சில விநாடிகள் ஒலிக்கவிட்டால் அது வேறு வகைக் காணொளி ஆகிவிடும். முப்பது விநாடி வரை போடலாம் என்று உலவும் விதி எந்தச் சட்டத்திலும் இல்லை; பேச்சுக்குப் பாட்டு துணையாக வருகிறதா, பாட்டுக்குப் பேச்சு சாக்காக வருகிறதா என்பதே நீதிமன்றம் பார்க்கும் அளவுகோலாக இருக்கும். தொலைக்காட்சி நேர்காணலில் ஒரு பாடகி தாம் பாடிய திரைப்பாடல்களின் சில வரிகளைப் பாடிக்காட்டியதை, சட்டம் கவனிக்கத் தேவையில்லாத அளவு அற்பமான பயன்பாடு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2012இல் ஏற்றுக்கொண்டது. எல்.பி.யின் ஒரு பக்கம் முழுவதையும் ஏற்றியவருக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

வந்த மூன்று கிளெய்ம்களுக்கு வருவோம். திரைப்பாடலுக்கு வந்ததை அப்படியே விட்டுவிடுங்கள், அல்லது காணொளியை நீக்கிவிடுங்கள். கிளெய்மைப் பொறுத்தவரை நீக்கினால் அது போய்விடும். நிறுவனம் விளம்பரம் போட்டுக்கொண்டு காணொளியை விட்டுவைத்தால், அது இன்றைய பொறுமை மட்டுமே. நாளை மனம் மாறலாம். கர்நாடக இசைத் தட்டுகள் இரண்டுக்கும் கதை வேறாக இருக்கக்கூடும். அதே கீர்த்தனையை வேறொருவர் பாடிய குறுந்தகட்டோடு இயந்திரம் குழப்பிக்கொள்வது உண்டு. பழைய தட்டையே மெருகேற்றி மறுவெளியீடு செய்த நிறுவனம், பழைய ஒலிக்கும் சேர்த்து உரிமை பதிந்திருப்பதும் உண்டு. ஆண்டு 1965க்குள் என்பதற்கும், சாகித்தியகர்த்தா மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தன என்பதற்கும் சான்று உங்கள் கையில் இருந்தால், தயங்காமல் மறுப்புப் பதிவு செய்யுங்கள். தட்டின் அட்டவணை எண், வெளியான ஆண்டு, அதை எப்படி அறிந்தீர்கள், ஒலி உங்கள் வீட்டுத் தட்டிலிருந்து நேரடியாக எடுத்தது என்ற விவரம், 27ஆம் பிரிவு ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் எழுதினால் போதும். எதிர்த்தரப்புக்கு முப்பது நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் நீங்கும். அவர்கள் மறுத்து, அப்போதோ நீங்கள் மேல்முறையீடு செய்த பிறகோ நீக்கக் கோரிக்கை அனுப்பினால் அது ஸ்ட்ரைக் ஆகும். ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது, தொண்ணூறு நாள்கள் கழியும் வரை மேல்முறையீட்டுக்குப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். மறுவெளியீடு செய்த நிறுவனம் உரிமை கோரக்கூடும் என்பதால்தான் மறுவெளியீட்டுக் குறுந்தகட்டிலிருந்து ஒருபோதும் ஒலியை எடுக்க வேண்டாம் என்கிறேன். கீறல் ஒலியோடு உங்கள் தட்டிலிருந்து எடுத்ததே உங்களுக்கு வலுவான சான்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தியச் சட்டப்படி விடுதலையான ஒலி எல்லா நாட்டிலும் விடுதலையாகிவிடாது. 1957 முதல் 1972 பிப்ரவரி 15க்கு முன்பு வரையான ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே உங்கள் 1960ஆம் ஆண்டுத் தட்டு இங்கே தடையின்றி ஒலித்து, நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினருக்கு மட்டும் தடுக்கப்படலாம். தட்டின் உறையில் உள்ள ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் தனி உரிமை உண்டு என்பதால், உறையை ஸ்கேன் செய்து போடுவதைவிடச் சுழலும் தட்டை நீங்களே படம்பிடித்துக் காட்டுவது நல்லது.

குற்றமா என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் காரணம் குறிப்பிட்டு இதற்கும் குறைவாக விதிக்கலாம். என் அனுபவத்தில், உங்களைப் போன்றவர்கள் விஷயத்தில் நிறுவனங்கள் காணொளியை நீக்குவதோடு நிற்கின்றன. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் தொடர்ந்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பு போய்விடும். வழக்கறிஞர் அறிவிப்பு எப்போதாவது வந்தால், அதை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காமல், குறிப்பிட்ட காணொளியை நீக்கிவிட்டு, குறித்த கெடுவுக்குள் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள்.

ஒலியை மின்வடிவமாக்குவதையும் இணையத்தில் ஏற்றுவதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். சொந்தப் பயனுக்கும் ஆராய்ச்சிக்கும் படியெடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எனவே 340 தட்டுகளையும், பூட்டு திறக்காதவை உட்பட, இப்போதே படியெடுத்து இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். நம் ஊர் மழைக்காலத்து ஈரம் உறையைத் தட்டோடு ஒட்டிவிடும். பூஞ்சை பிடித்த பள்ளத்தை மீட்பது கடினம். 78 தட்டுகளை எல்.பி.க்கான மெல்லிய முள்ளில் ஓட்டாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது. அதற்கென்று தனி முள் விற்கிறது. அரிய தட்டுகளின் படிகளை குருகிராமில் உள்ள இசை ஆவணக் காப்பகமான ஏ.ஆர்.சி.இ. போன்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

இந்த வாரம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: அட்டவணை எண், மேட்ரிக்ஸ் எண், வெளியான ஆண்டு, இயற்றியவர், அவர் மறைந்த ஆண்டு. ஆண்டு தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். ஏற்கெனவே ஏற்றிய நாற்பதையும் முதலில் எழுதுங்கள். கணக்கில் தேறாதவற்றை யாரும் கேட்கும் முன்பே நீங்களே தனிப்பட்டவை என்று மாற்றிவிடுங்கள். கடிதத்தின் கடைசியில், லேபிள் உரிந்துபோன ஒரு நாதஸ்வரத் தட்டு உங்கள் தந்தைக்கு மிகவும் பிடித்தது என்று எழுதியிருந்தீர்கள். லேபிள் இருந்த இடத்தைச் சுற்றியுள்ள வளையத்தை உலர்ந்த மென்துணியால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த எண் தெரிந்தால், யார் வாசித்தது, எந்த ஆண்டு என்று தேடிப்பார்க்கலாம்.